பள்ளத்தை மேடாக்கும் செலவு யார் கணக்கில்?

ஒரு மினி ஹிட்டாச்சியை இரண்டு நாளுக்கு வாடகைக்குப் பிடிக்க எங்களுக்குப் பதினேழு நாள் ஆனது. போன கோடையில் விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் காலனியில் நடந்த கதை இது. ஊரில் வண்டி இல்லாமல் இல்லை. எங்கள் ஊராட்சியிலேயே இரண்டு நிற்கின்றன. ஊர்த்தெருவில் மாட்டுக்கொட்டகைக்குத் தரையைச் சமன் செய்ய வேண்டும் என்று காலையில் போன் போட்டால் மதியம் வண்டி வந்து நிற்கும். பதினேழு நாள் என்பது எங்களுக்கு மட்டுமான கணக்கு.

கல்லூரியில் படித்துக்கொண்டே இயக்க வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு வன்கொடுமை என்றவுடன் வெட்டும் குத்தும் தீவைப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. தினசரிகளும் அதைத்தான் எழுதுகின்றன. ஒரு வாடகை வண்டி தெருவுக்குள் வர மறுப்பதையும் அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள் என்று கேட்கிறேன்.

பெரியம்மாவுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு வந்திருந்தது. 2024இல் தொடங்கிய திட்டம் அது. 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். பணம் மொத்தமாகக் கைக்கு வராது. வேலை எந்த மட்டத்துக்கு ஏறியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தவணையாக வரும். ஆணை வந்த அன்று பெரியம்மா தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தார். மறுநாள் மேஸ்திரி வந்து மனையைப் பார்த்துவிட்டு, "மூணடி மண்ணடிக்காம பேஸ்மட்டம் போட்டீங்கன்னா அடுத்த ஐப்பசியில வீட்டுக்குள்ள மீன் புடிக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனை 3 சென்ட். தொண்ணூறுகளில் ஆதிதிராவிடர் நலத்துறை நிலம் எடுத்துக் கொடுத்த பட்டா. ஏரிக்கரைக்குக் கீழே, கலங்கல் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்குப் பக்கம். ஒவ்வொரு மழைக்கும் வாசலில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். இது எங்கள் காலனிக்கு மட்டும் வந்த துரதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் ஊரில் ஒரு மழை நாளில் ஊர்த்தெருவிலிருந்து காலனி வரை நடந்து பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனியுங்கள். ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும் இருப்பது தற்செயலாக நடந்ததில்லை. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையைப் பஞ்சமி நிலம் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல்கிறோம். குடியிருக்கும் வீட்டுமனைகூடப் பறையர்களுக்கு உறுதியில்லை, மிராசுதார் நினைத்தால் எழுப்பிவிடலாம் என்ற நிலையையும் அதே அறிக்கை பேசியது. பிறகு நூறு வருடம் கழித்து அரசாங்கமே நிலம் வாங்கி மனை கொடுத்தபோது, விற்க முன்வந்தவர்கள் எந்த நிலத்தை விற்றார்கள்? நெல் விளையாத, தண்ணீர் வடியாத மூலையைத்தான். எங்கள் காலனி அப்படி வந்ததுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 3 சென்ட் என்பது சுமார் 1,307 சதுர அடி. மனை முழுவதும் மூன்றடி உயர்த்தினால் 3,920 கன அடி மண். நூறு கன அடி ஒரு யூனிட். ஆக 39 யூனிட். கொட்டிய மண் தண்ணீர் விட்டு இடித்தால் அமுங்கும் என்பதால் கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 49 யூனிட் வருகிறது. அவ்வளவுக்கு வழியில்லாமல் வீடு நிற்கிற இடத்தை மட்டும், 400 சதுர அடி, உயர்த்துவது என்று முடிவு செய்தோம். அதற்கே 15 யூனிட். மேல் மண்ணை வழித்தெடுப்பது, பழைய குடிசையின் மண்சுவரையும் வேலிக்காத்தான் வேரையும் பிடுங்குவது, கடைக்கால் பறிப்பது, கொட்டிய மண்ணைப் பரப்புவது எல்லாம் தனி. மேட்டில் மனை இருப்பவருக்கு இதில் பாதிச் செலவு கிடையாது. திட்டத்தொகையோ இருவருக்கும் ஒன்றே. முதல் தவணை வருவதற்கு முன்னாலேயே இந்த மண்வேலையை முடித்தாக வேண்டும். அதனால் இது முழுக்க முழுக்கக் கைக்காசு. கைக்காசு இல்லாதவருக்கு வட்டிக்காசு. பள்ளத்தில் குடியேற்றியது யாரோ, மேடாக்கும் செலவு பெரியம்மாவுடையது. இதைப் பற்றி எந்த அரசாணையிலும் ஒரு வரி நான் பார்த்ததில்லை. தாழ்வான மனைகளுக்கு மண் நிரப்பும் தொகையைத் தனியாகக் கொடு என்ற கோரிக்கையை நம் அமைப்புகளும் போதுமான அளவு எழுப்பியதில்லை. அதில் நானும் சேர்த்தி.

சரி, வண்டிக்கு வருகிறேன். எங்கள் தெரு ஏழடி. சாதாரண ஜேசிபி ஏழரை அடி அகலம் இருக்கும், உள்ளே வராது. மூன்று டன் அளவில் ஒரு மினி வண்டி என்றால் ஐந்தடிக்கு அடக்கம், ரப்பர் செயினில் ஓடும், போன வருடம் போட்ட சிமெண்ட் ரோட்டையும் உடைக்காது. (பொக்லைன் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர், ஹிட்டாச்சி ஜப்பான் கம்பெனியின் பெயர். நம் பக்கம் மண்தோண்டும் வண்டிக்கே இரண்டும் பெயராகிவிட்டன. எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் அது மினி ஹிட்டாச்சிதான்.) ஊராட்சியில் இருக்கும் இரண்டு வண்டியில் ஒன்று மினி. உரிமையாளர் ஊர்த்தெருக்காரர், ஒப்பந்த வேலை எடுப்பவர். எனக்கு வயது நாற்பத்தாறு, அவருக்கு முப்பது தாண்டியிருக்காது. நான் "நீங்க" என்பேன், அவர் "வாப்பா" என்பார். இரண்டு வருடத்துக்கு முன்பு ஏப்ரல் 14 அன்று பேனர் கட்டியதில் எங்கள் பிள்ளைகளுக்கும் ஊருக்கும் தகராறாகி, புகார் வரை போனது. அதை அவர் மறக்கவில்லை என்பது முதல் நாளே தெரிந்தது.

"வண்டி வேலையில இருக்குப்பா." இது முதல் நாள். நான்கு நாள் கழித்துப் போனால், "டிரைவர் லீவு." பத்தாவது நாள், "உங்க தெருவுல வண்டி திரும்பாது, எதுக்கு வம்பு." வண்டி வேலையிலும் இல்லை, டிரைவரும் லீவில் இல்லை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வண்டியின் டிரைவர் எங்கள் காலனிப் பையன். என் தங்கச்சி வீட்டுக்கு எதிர்வீடு. வண்டி நான்கு நாளாகப் புளியமரத்தடியில் தார்ப்பாய் போட்டு நிற்கிறது என்று அவன்தான் சொன்னான். மாவட்டத்தின் பாதி வயல்வரப்பை அவன் ஓட்டிய வண்டி சமன் செய்திருக்கிறது. சொந்தத் தெருவுக்குள் அதைக் கொண்டுவர அவனுக்கு அனுமதியில்லை. "நான் கேட்டா வேலையே போயிடும் மாமா" என்றான். அவனைக் கேட்கச் சொல்லி நாங்கள் வற்புறுத்தவில்லை.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவர்கள் படித்து வைத்துக்கொள்ள வேண்டும். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் அதில் 3(1) பிரிவின் கீழ் குற்றம். பொருளாதாரப் புறக்கணிப்பு என்றால் என்ன என்பதற்கு அந்தத் திருத்தமே விளக்கம் தருகிறது: ஒருவரோடு கொடுக்கல் வாங்கல் வைக்க மறுப்பது, கூலிக்கு வேலை செய்ய மறுப்பது, வியாபாரம் செய்ய மறுப்பது எல்லாம் அதில் அடங்கும். பணம் கொடுத்தால் எல்லோருக்கும் கிடைக்கும் சேவையை ஒரு தெருவுக்கு மட்டும் சாதி பார்த்து மறுத்தால், இந்தப் பிரிவை எடுத்துப் பேச இடமிருக்கிறது.

இடமிருக்கிறது என்றுதான் சொல்கிறேன். ஒருவர் "வண்டி வேலையில் இருக்கிறது" என்று சொன்னதை வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனால் எழுத்தர்கூடச் சிரிப்பார். எங்கள் பிள்ளைகள் பத்தாம் நாளே மனு எழுதிவிட்டார்கள். நான்தான் நிறுத்தினேன். பயந்துவிட்டேன் என்று இன்றுவரை இரண்டு பேர் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. என் வாதம் இதுதான்: மறுத்தது சாதிக்காகத்தான் என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? போன் செய்த தேதி, அவர் சொன்ன காரணம், அதே நாளில் வண்டி எங்கே நின்றது, அதே வாரத்தில் ஊர்த்தெருவில் யாருக்குப் போனது என்பதை ஒரு நோட்டில் எழுதுங்கள், படம் எடுங்கள் என்றேன். டிரைவர் பையனைச் சாட்சியாக இழுக்காமல் வழக்கு நிற்குமா என்று யோசியுங்கள் என்றும் சொன்னேன். அந்த நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை மறுப்பு வந்தால் நோட்டு முதல் பக்கத்திலிருந்து தொடங்காது.

பதினான்காம் நாள் இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு வண்டி கிடைத்தது. மணிக்கு 1,100 ரூபாய், டீசலோடு. லாரியில் ஏற்றி இறக்கிக் கொண்டுவர 5,000 ரூபாய் தனி. புளியமரத்தடி வண்டி என்றால் அந்த 5,000 கிடையாது. அது செயினில் உருண்டே வந்திருக்கும். சாதிக்கு விலைப்பட்டியல் போட முடியும் என்றால் இது அதில் ஒரு வரி. பெரியம்மா தனியாக அதைத் தாங்க முடியாது. அதே பட்டியலில் வீடு வந்திருந்த மேலும் நான்கு குடும்பத்தையும், கழிப்பறைக் குழி தோண்டக் காத்திருந்த இரண்டு வீட்டையும் சேர்த்துக்கொண்டோம். ஏழு வீட்டுக்கும் பங்கு பிரித்தால் கொண்டுவரும் கூலி வீட்டுக்கு 715 ரூபாய்தான். இந்த யோசனையைச் சொன்னது நானோ பிள்ளைகளோ இல்லை. மகளிர் குழு நடத்தும் ஒரு தங்கச்சி. அதற்கே மூன்று நாள் கூட்டிப் பேசினோம். பதினேழு நாள் கணக்கு இப்படித்தான் முடிந்தது.

வண்டி பிடிப்பதில் நாங்கள் ஏமாந்ததையும் தப்பித்ததையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் உதவும். வண்டியில் மணி மீட்டர் ஓடும். இன்ஜின் ஓடினாலே மீட்டரும் ஓடும். மண் தோண்டுகிறதா, சும்மா உறுமிக்கொண்டு நிற்கிறதா என்று அது பார்க்காது. முதல் நாள் காலை லாரி வர இரண்டு மணி நேரம் தாமதம். டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. 2,200 ரூபாய் காற்றில் போனது. அதற்குப் பிறகு வேலை தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மீட்டரைப் போனில் படம் எடுத்தோம். வாடகை பேசும்போதே டீசல் யாருடையது, குறைந்தது எத்தனை மணி நேரத்துக்குக் காசு, டிரைவருக்குப் பேட்டா உண்டா என்று கேட்டு வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு என்றால் சாயங்காலம் அவர்கள் சொல்வதுதான் கணக்கு, நம் தெருவில் குரல் உயர்த்தினால் அது கலவரம் ஆகிவிடும்.

வண்டி வருவதற்கு முதல் நாளே சுண்ணாம்பால் கோடு போட்டு வைக்க வேண்டும். மேஸ்திரி பக்கத்தில் நிற்க வேண்டும். கடைக்கால் இரண்டடி அகலம் போதும் என்ற இடத்தில் மூன்றடி பக்கெட்டைப் போட்டுப் பறித்துவிட்டால், தோண்டும் வேலை சீக்கிரம் முடியும். கூடுதல் ஓரடிக்கும் கான்கிரீட் நாம்தான் கொட்ட வேண்டும். ஆழமும் அப்படித்தான். தேவைக்கு மேல் ஆழமாகத் தோண்டிவிட்டு அந்த லூசு மண்ணையே திரும்பத் தள்ளி மூடினால், சுவர் ஒரு மழைக்காலத்தில் வெடிக்கும். எங்கள் பக்கம் களிமண். தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். தோண்டிய அந்த மண்ணையே பேஸ்மட்டத்துக்குள் நிரப்பக் கூடாது என்று மேஸ்திரி பிடிவாதமாக நின்றார். கிராவல் வாங்கி, அரையடி கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து, மறுபடி அரையடி என்று ஏற்றினோம். வண்டி மேலே இரண்டு முறை ஏறி இறங்கினால் மண் இறுகிவிடும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். கிராவல் லாரிக்காரரிடம் நடைச்சீட்டு கேட்டு வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். திருட்டு மண் என்று நாளை யாராவது புகார் கொடுத்தால், லாரிக்காரர் போய்விடுவார், மண் கிடப்பது உங்கள் வாசலில். கழிப்பறைக் குழி ஆளுயரத்துக்கு மேல் போனால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது, மண்ணைக் குழி ஓரத்திலேயே குவிக்கவும் கூடாது. சரிந்தால் இரண்டு நிமிடம்கூட ஆகாது.

முதல் நாள் காலை வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது முனைவீட்டு ஆயா திண்ணையிலிருந்து எழுந்து நின்று, "எந்த ஆபீசுலேர்ந்து வந்திருக்குது?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அதற்கு முன்பு அந்தத் தெருவுக்குள் மஞ்சள் வண்டி வந்தது ஒரே ஒரு முறை. வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்று வருவாய்த்துறை ஆறு வீட்டை இடிக்க வந்தபோது. அன்றைக்கு வண்டி திரும்ப இடமிருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று, பதினைந்து நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வீடுகளை இடிக்கக் கூடாது என்று நெறிமுறை வகுத்தபோது, நீர்நிலை, சாலை போன்ற பொது இடங்களில் இருக்கும் கட்டடங்களுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. எங்கள் தெரு இருப்பது எந்த இடத்தில் என்று மேலே சொல்லியிருக்கிறேன். அதனால்தான் பட்டாவை லேமினேட் செய்து வைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வண்டி எதற்கு, நம் ஆட்களே மண்வெட்டி பிடித்தால் கூலி நமக்குள்ளேயே சுற்றுமே என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல மனதோடு கேட்ட கேள்வி. நூறு நாள் வேலைக்கு அந்த வாதம் சரி. 2005ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ஒப்பந்தக்காரரை விலக்கியது, ஆளைத் தள்ளிவிடும் யந்திரத்தைக் கூடியவரை தவிர்க்கச் சொன்னது. ராத்திரியில் வண்டி விட்டுக் குளம் வெட்டிவிட்டுப் பகலில் நம் பெண்களை நிற்கவைத்துப் படம் எடுத்ததை எதிர்த்து நாமே நின்றிருக்கிறோம். ஆனால் பெரியம்மாவின் மனையில் 15 யூனிட் மண்ணைக் கூடையில் சுமப்பதில் என்ன பெருமை இருக்கிறது? அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற நூலில் காந்தியத்தின் யந்திர வெறுப்பை விடாமல் அடிக்கிறார். மனிதன் மாட்டைப்போல் உழைப்பதிலிருந்து விடுபட்டு ஓய்வும் பண்பாடும் பெற யந்திரம் வேண்டும். தீங்கு யந்திரத்தில் இல்லை, அதன் பலன் சிலருக்கே போகும்படி இருக்கும் சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். முதுகு உடைய மண் சுமந்த நான்கு தலைமுறைக்குப் பிறகு மண்வெட்டிக்காக அழ எனக்குக் கண்ணீர் இல்லை.

பக்கத்து ஊரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஊர்ச் சாவுக்குக் குழி வெட்ட மாட்டோம் என்று அங்கே நம் பிள்ளைகள் ஆறு வருடத்துக்கு முன்பு நிறுத்தினார்கள். குழி வெட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் அதே 3(1) பிரிவில் குற்றம் என்று துண்டறிக்கை போட்டார்கள். கொஞ்ச நாள் முறைத்தபிறகு ஊர் ஒரு மினி ஹிட்டாச்சியை வாடகைக்கு எடுத்தது. ஓட்டி வந்தவர் வேறு ஊர்ச் சேரிக்காரர். கடைசியில் நம் ஆள்தானே குழி தோண்டுகிறார் என்று சிலர் கேலி பேசினார்கள். எனக்கு அது கேலியாகப் படவில்லை. அவர் மணிக்கணக்குக்குக் காசு வாங்கினார், செருப்போடு வந்தார், குழி முடிந்தவுடன் போய்விட்டார். படியரிசிக்கு யார் வாசலிலும் நிற்கவில்லை.

ஆனால் வண்டி அவருடையது இல்லை. எங்கள் டிரைவர் பையனுடையதும் இல்லை. எங்கள் பக்கம் எனக்குத் தெரிந்த பதினோரு மினி வண்டிகளில் ஏழு பேர் நம் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள், உரிமையாளர் ஒருவர்கூட நம்மவர் இல்லை. வண்டி விலை இருபது லட்சத்துக்கு மேல். தாட்கோ வழியாகக் கொடுக்கப்படும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023இல் வந்தது. திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு ஒன்றரைக் கோடி, வட்டியில் 6 சதவீதச் சலுகை. ஒன்றிய அரசின் ஸ்டாண்ட் அப் இந்தியா 2016இல், பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை கடன் என்று தொடங்கப்பட்டது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. வங்கி மேலாளர் மேசைக்குப் போனால் அடமானம் என்ன, மூன்று வருடக் கணக்கு எங்கே என்று ஆரம்பிக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. மானியம் வரும் என்று தெரிந்ததும் "உன் பேர்ல வாங்கு, நான் பார்த்துக்கறேன்" என்று ஊர்த்தெரு ஒப்பந்தக்காரர்கள் தோளில் கை போடுவார்கள். கையெழுத்தும் கடனும் நம் பிள்ளையுடையது, வண்டியும் வருமானமும் அவர்களுடையது. எங்கள் தாலுகாவிலேயே ஒரு தம்பி அப்படி மாட்டிக்கொண்டு தவணை நோட்டீசுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

டிரைவர் பையனுக்கு மார்ச்சில் விண்ணப்பம் போட்டோம். கல்லூரியில் வணிகவியல் படிக்கும் எங்கள் தெருத் தங்கச்சி ஒருத்தி திட்ட அறிக்கை எழுதினாள்: மாதம் எத்தனை மணி நேரம் ஓடும், டீசல் எவ்வளவு, தவணை எவ்வளவு என்று அந்த மணி மீட்டர் படங்களையும் வாடகை ரசீதையும் வைத்தே கணக்குப் போட்டாள். மாவட்டத் தேர்வில் பெயர் வந்துவிட்டது. வங்கியில் நிற்கிறது. இரண்டு முறை போய்விட்டு வந்தோம், திங்கட்கிழமை மூன்றாவது முறை போகிறோம். பெரியம்மா வீடு லிண்டல் மட்டத்தில் இருக்கிறது.